தெருவெங்கும் ஒரே கார் ஏன்?

'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ'வின் பழைய பாகங்களை ஆடியவர்கள் இதைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். எங்கோ தேடிப் பிடித்து ஓர் அரிய காரில் ஏறுவோம். அடுத்த சில நிமிடங்களில் தெருவெங்கும் அதே கார் ஓடிக்கொண்டிருக்கும். இது தற்செயல் அல்ல. நினைவகத் தட்டுப்பாட்டின் விளைவு.

கொலையும் கொள்ளையுமாக நகரும் இந்த விளையாட்டு வயது வந்தோருக்கு மட்டுமானது. சிறுவர் கையில் தரக் கூடாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அதற்குள் இருக்கும் பொறியியல் அபாரமானது.

2001இல் வந்த மூன்றாம் பாகம்தான் இந்த வரிசையில் முதல் முப்பரிமாண நகரம். அது ஓடிய பிளேஸ்டேஷன் 2 கருவியின் முதன்மை நினைவகம் வெறும் 32 எம்.பி. இன்றைய கைபேசியில் எடுக்கும் பத்துப் படங்களே அதை நிரப்பிவிடும். அந்த நகரமான லிபர்ட்டி சிட்டி முழுவதையும் அதற்குள் அடைக்க வழியில்லை. ஆகவே, நாம் நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ள தெருக்கள் மட்டுமே நினைவகத்தில் இருக்கும். கார் முன்னேற முன்னேற, வரப்போகும் கட்டடங்கள் டிவிடியிலிருந்து ஏறும். கடந்து வந்தவை அழியும். இதைத்தான் ஸ்ட்ரீமிங் என்கிறார்கள். கார்களுக்கும் இதே கதிதான். ஒரு நேரத்தில் சில வகைகளுக்கே இடம் உண்டு. நாம் ஓட்டும் வகை ஏற்கெனவே ஏறியிருப்பதால், போக்குவரத்துக்கும் அதையே எடுத்து விடுகிறது நிரல்.

2004இன் 'சான் ஆண்ட்ரியாஸ்' அதே கருவியில் மூன்று நகரங்களையும் நடுவே காடு, மலை, பாலைவனத்தையும் கொண்டுவந்தது. தொலைவில் இருப்பதை வரையாமல் தப்பிக்க மூட்டம் உதவியது. அந்த மூட்டம் இன்னொரு வேலையையும் செய்தது. 2021இல் புதுப்பித்த பதிப்பில் அது விலகியபோது, ஒரு நகரத்திலிருந்தே அடுத்த நகரம் தெரிந்தது. பெரிய மாநிலமாகத் தோன்றிய உலகம் சட்டென்று சிறுத்துப்போனது. குறைபாட்டை மறைக்க வந்த மூட்டம்தான் அந்த உலகத்துக்கு விரிவைத் தந்திருந்தது.

2013இல் வந்த ஐந்தாம் பாகத்தில் மைக்கேல், ஃபிராங்க்ளின், டிரெவர் என மூன்று நாயகர்கள். ஒருவரிலிருந்து மற்றவருக்கு மாறும்போது கேமரா வானத்துக்கு எழும்பி, லாஸ் சாண்டோஸ் நகரைக் கடந்து, வேறோர் இடத்தில் இறங்கும். அந்தச் சில நொடிகளில் புதிய இடத்தின் தெருக்கள் ஏறிவிடும். காத்திருப்பையே காட்சியாக்கிய இந்த உத்திதான் இந்த வரிசையின் ஆகச் சிறந்தது என்பேன்.

இவ்வளவு சாமர்த்தியம் காட்டியவர்கள் சறுக்கிய இடமும் உண்டு. ஐந்தாம் பாகத்தின் இணையவழி ஆட்டம் திறக்கப் பல நிமிடங்கள் பிடித்தது. 2021இல், விளையாட்டை உருவாக்கிய ராக்ஸ்டார் நிறுவனத்துக்கு வெளியே இருந்த நிரலாளர் ஒருவர் காரணங்களைக் கண்டுபிடித்தார். அவற்றில் ஒன்று இது. ஆட்டத்துக்குள் இருக்கும் கடைப் பொருள்களின் பட்டியல் சுமார் 10 எம்.பி.; அதில் 63,000 பதிவுகள். ஒவ்வொரு பதிவையும் சேர்க்குமுன், அது ஏற்கெனவே உள்ளதா என்று முந்தைய அத்தனை பதிவுகளோடும் ஒப்பிட்டது நிரல். கூட்டினால் கிட்டத்தட்ட 200 கோடி ஒப்பீடுகள்! அவர் செய்த திருத்தங்கள் அவருடைய கணினியில் காத்திருப்பைச் சுமார் 70 விழுக்காடு குறைத்தன. ராக்ஸ்டார் நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு சரிசெய்தது. அவருக்கு 10,000 டாலர் பரிசும் தந்தது.

கணினி அறிவியல் படிக்கும் மாணவர்கள் அவர் எழுதிய விளக்கத்தைத் தேடிப் படிக்க வேண்டும். ஒரு பதிவு ஏற்கெனவே உள்ளதா என்பதை முழுப் பட்டியலையும் அலசாமலே சொல்லிவிடுவது ஹேஷ் அட்டவணை. வகுப்பில் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் அது எதற்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.