கிலோ ஓம் சொல்லாத கணக்கு

கம்பியும் காந்தமும் - 9

எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் புது பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) தேடுகிறவர்களின் கண் முதலில் ஓர் எண்ணில்தான் போய் நிற்கிறது. 8 கிலோ ஓம், 13 கிலோ ஓம், 16 கிலோ ஓம். எண் ஏற ஏற பிக்கப்பின் வலிமையும் ஏறும் என்று கடைக்காரர் சொல்வார், கூட வாசிக்கும் நண்பரும் சொல்வார். அதை நம்பிப் பணத்தை எடுத்து வைப்பதற்கு முன்னால், டிமார்ஸியோ நிறுவனம் தன் இரண்டு பிக்கப்களுக்குத் தானே கொடுக்கும் அளவுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். டோன் ஸோன்: மின்தடை 17.31 கிலோ ஓம், வெளியீடு 375 மில்லிவோல்ட். சூப்பர் டிஸ்டார்ஷன்: மின்தடை 13.68 கிலோ ஓம், வெளியீடு 425 மில்லிவோல்ட். மின்தடை கால் பங்குக்கு மேல் கூடுதலாக இருக்கிற பிக்கப்தான் இங்கே சத்தம் குறைந்தது.

மின்தடை சொல்வதெல்லாம் சுருளில் உள்ள செம்புக் கம்பி எவ்வளவு நீளம், எவ்வளவு மெல்லியது என்பதைத்தான். இரண்டு சுருள்கள் கொண்ட பழைய ஹம்பக்கர் பிக்கப்களில் 42 கேஜ் கம்பி, விட்டம் 0.063 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதே சட்டத்துக்குள் இன்னும் நிறையச் சுற்றுகளை அடக்க வேண்டுமானால் 43 அல்லது 44 கேஜுக்குப் போகவேண்டும். கம்பி மெலிந்த உடனேயே, ஒரு சுற்றுகூடக் கூட்டாமலேயே மின்தடை ஏறிவிடும். வெயிலும் சேர்ந்துகொள்ளும். செம்பின் மின்தடை ஒரு டிகிரி வெப்பத்துக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடுவதால், 20 டிகிரியில் 16.4 என்று காட்டும் பிக்கப், 35 டிகிரியில் 17.4 என்று காட்டும். சென்னையில் மே மாத மதியத்தில் மல்டிமீட்டரோடு உட்கார்ந்து பழைய பிக்கப் வாங்குகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. அந்தக் கூடுதல் 1 கிலோ ஓமுக்கும் பிக்கப்பின் வலிமைக்கும் சம்பந்தமே இல்லை.

உண்மையான வெளியீட்டை முடிவு செய்பவை சுற்றுகளின் எண்ணிக்கை, காந்தப் புலத்தின் பலம், சுருளுக்கு நடுவே இருக்கும் இரும்பு, பிக்கப் ஸ்ட்ரிங்கிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பவை. கடைசியில் சொன்னது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கும் ஸ்க்ரூ டிரைவராலேயே மாற்றக்கூடியது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இவ்வளவு வலிமை யாருக்கு, எப்போது தேவைப்பட்டது? கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1957-ல் கிட்டார்களில் வந்த ஹம்பக்கருக்குச் சத்தம் பெரிய நோக்கம் அல்ல. மின்விளக்குகளிலிருந்தும் டிரான்ஸ்ஃபார்மர்களிலிருந்தும் வரும் இரைச்சலை அடக்குவதுதான் அவருடைய வேலை. சுருளுக்கு ஏறக்குறைய 5,000 சுற்று, அல்னிகோ காந்தம், 7.5 முதல் 8.5 கிலோ ஓம் வரை. சுற்றும் இயந்திரத்தைக் கையால் நிறுத்தியதால் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் நிலைமை வேறு. ராக் வாசிப்பவர்களுக்கு ஆம்பின் வால்வுகள் கதறவேண்டும். ஆனால் அப்போதைய மார்ஷல் போன்ற பெரிய ஆம்ப்களில் மாஸ்டர் வால்யூம் கிடையாது. டிஸ்டார்ஷன் வேண்டுமென்றால் காது கிழியும் அளவுக்கு ஆம்பைத் திறந்துவிடவேண்டும். இன்னொரு வழி, ஆம்பின் முதல் வால்வுக்குள் நுழையும் சிக்னலையே பெரிதாக்குவது. நியூயார்க்கில் லாரி டிமார்ஸியோ இந்த இரண்டாவது வழியைப் பிடித்தார். 1972-ல் வந்த சூப்பர் டிஸ்டார்ஷனில் அல்னிகோவுக்குப் பதில் செராமிக் காந்தம், சுருளில் கூடுதல் சுற்றுகள். கிட்டாரோடு வந்த பிக்கப் கெட்டுப்போகாத நிலையிலும் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைப் பொருத்தலாம் என்ற எண்ணமே பரவலானது அதற்குப் பிறகுதான். கிஸ் குழுவின் ஏஸ் ஃப்ரேலியும், ராக்கிலிருந்து வெகு தூரத்தில் ஜாஸ் ஃப்யூஷன் வாசித்த அல் டி மியோலாவும் அதையே பயன்படுத்தினார்கள். ஒரே பொருள் இரண்டு வேறு உலகங்களுக்குப் பயன்பட்டதை நான் அதன் பெரிய சாதனையாகக் கருதுகிறேன்.

இந்தக் கூடுதல் வலிமைக்கு ஒரு விலை உண்டு. சுற்றுகள் கூடும்போது சுருளின் தூண்டல், அதாவது ஹென்றி என்ற அலகில் அளக்கிறோமே, அது வேகமாக ஏறும். பழைய ஹம்பக்கரில் அது 4 முதல் 5 ஹென்றி. வலிமையான பிக்கப்களில் 7, 8 என்று போகும். இந்தத் தூண்டலும், கிட்டாரிலிருந்து ஆம்புக்குப் போகும் கேபிளின் மின்தேக்கமும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வு உச்சத்தை உருவாக்குகின்றன. அந்த உச்சத்துக்கு மேலே இருக்கும் ஒலிகள் சரிந்துவிடும். சாதாரண நீளமுள்ள கேபிளோடு கணக்குப் போட்டால், 4.4 ஹென்றி பிக்கப்புக்கு உச்சம் 3,100 ஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது, 8.5 ஹென்றிக்கு 2,200 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிடுகிறது. ஸ்ட்ரிங்கை பிளெக்ட்ரம் தொடும் அந்தக் கணத்தின் பளிச்சென்ற சத்தம், பல சுரங்களைச் சேர்த்து வாசிக்கும்போது ஒவ்வொரு சுரமும் தனித்துக் கேட்கும் தெளிவு, இவை இந்த இரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட பகுதியில்தான் பெரிதும் வாழ்கின்றன. அதிகச் சுற்று பிக்கப்பை டிஸ்டார்ஷன் இல்லாமல் வாசித்தால் ‘கம்பளி போர்த்தியது போல’ இருக்கிறது என்று பலர் குறைப்படுவது இதனால்தான்.

சரி, எதை வாங்குவது? என்னைக் கேட்டால், பிக்கப் தயாரிப்பாளர் சீமோர் டங்கனின் ஜே.பி. பற்றித்தான் அதிகம் பேசவேண்டும். அவர் தயாரிப்பில் அதிகம் விற்பதும் அதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான். எழுபதுகளின் தொடக்கத்தில் லண்டனில் வேலை பார்த்துக்கொண்டிருந்த டங்கன், பழுதான கிப்சன் ஹம்பக்கர்களைத் திரும்பச் சுற்றி, ஒரு டெலிகாஸ்டரில் பொருத்தி கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக்குக்குக் கொடுத்தார். அந்தக் கிட்டாரின் குரலை 1975-ல் வெளியான ‘ப்ளோ பை ப்ளோ’ ஆல்பத்தில் கேட்கலாம். பிறகு கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் தன் நிறுவனத்தைத் தொடங்கியபோது அந்த வழியில் வந்ததுதான் ஜே.பி. மின்தடை 16.4 கிலோ ஓம் அளவில். ஆனால் உள்ளே இருப்பது அல்னிகோ 5 காந்தம். அதனால் சூப்பர் டிஸ்டார்ஷனின் கனமான அடிக்குரல் இதில் இல்லை. மேல்நடு ஒலி முன்னால் தள்ளிக்கொண்டு வரும். தனி வாசிப்பில் ஒரு சுரத்தை இழுத்துப் பிடித்தால் அது பாடும். அதே முன்தள்ளல் சில கிட்டார்களில் காதைக் குத்தும். அப்படிக் குத்தினால் பிக்கப்பைத் திட்டுவதற்கு முன் வால்யூம் பாட்டை (குமிழுக்குக் கீழே இருக்கும் மாறு மின்தடையை) பாருங்கள். 500 கிலோ ஓம் பாட்டுக்குப் பதில் 250 கிலோ ஓம் போட்டால் அந்த உச்சம் தணிந்துவிடும். சில நூறு ரூபாய் வேலை, பலன் பெரியது.

சூப்பர் டிஸ்டார்ஷன் இதற்கு நேர் மாறு. நடுவும் அடியும் தடித்த, ஒரே கட்டான ஒலி. மெலிந்த சத்தமுள்ள, எடை குறைந்த கிட்டாருக்கு இது உடம்பு கொடுக்கும். ஏற்கெனவே கனத்த ஒலியுள்ள மஹாகனி கிட்டாரில் ஜே.பி.யைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

இவற்றுக்கும் மேலே டிமார்ஸியோவின் எக்ஸ்2என் இருக்கிறது. 510 மில்லிவோல்ட் என்கிறது நிறுவனம். சீமோர் டங்கனின் இன்வேடரில் மூன்று செராமிக் காந்தங்கள். படிக்கும்போது மிரட்டலாக இருக்கும். ஆனால் 425-க்கும் 510-க்கும் உள்ள வித்தியாசம் டெசிபெல் கணக்கில் 1.6 மட்டுமே. ஆம்பில் கெய்ன் குமிழைக் கொஞ்சம் திருப்பினால் கிடைக்கிற அளவு. இவற்றை வாங்குகிறவர் வலிமைக்காக வாங்கவில்லை, அந்தக் குறிப்பிட்ட இறுக்கமான, நசுக்கிய ஒலிக்காக வாங்குகிறார். அந்த ஒலி பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம்.

ஈ.எம்.ஜி. 81 வேறு ஜாதி. ராப் டர்னர் வடிவமைத்த இந்த ஆக்டிவ் பிக்கப்பில் சுருள் சிறியது. சிக்னலைப் பெருக்கும் வேலையை உள்ளேயே இருக்கும் ப்ரீஆம்ப் செய்கிறது, 9 வோல்ட் பேட்டரியில். மேலே சொன்ன தூண்டல், கேபிள் கணக்கெல்லாம் இதை அதிகம் பாதிக்காது. நீளமான கேபிளிலும் உச்ச ஒலி மங்காது, இரைச்சலும் மிகக் குறைவு. மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் கிர்க் ஹாம்மட்டும் இதைத்தான் நம்பினார்கள். வேகமாக, கையால் அழுத்தி வாசிக்கும் ரிஃப்களில் ஒவ்வோர் அடியும் வெட்டி வைத்தாற்போல் விழும். ஆனால் மெல்ல வாசித்தாலும் அழுத்தி வாசித்தாலும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கிறதே என்ற மனக்குறை எனக்கு உண்டு. இதற்கு 25 கிலோ ஓம் பாட்கள் தேவை, பேட்டரிக்கு உடலில் இடம் தேவை. கேபிள் ஜாக்கில் செருகியிருக்கும்வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும், ஆகவே வாசித்து முடித்ததும் உருவி வையுங்கள்.

இப்போது ஸ்க்ரூ டிரைவர் விஷயம். இன்றைய ஆம்ப்களிலும் கணினி மென்பொருள்களிலும் கெய்ன் வேண்டிய மட்டும் கிடைக்கிறது. 1972-ல் டிமார்ஸியோ தீர்த்த பிரச்சினை இன்று பெரும்பாலானவர்களுக்கு இல்லவே இல்லை. அதனால் முதலில் இருக்கிற பிரிட்ஜ் பிக்கப்பைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று உயர்த்திக் கேளுங்கள். ஸ்ட்ரிங்கின் அதிர்வு பிரிட்ஜ் அருகே சிறியதாக இருப்பதால், நெக் பிக்கப்பைவிட அது உயரமாகவே நிற்கவேண்டும். பல கிட்டார்களில் அது தொழிற்சாலையில் வைத்த தாழ்வான இடத்திலேயே வருடக்கணக்காகக் கிடக்கிறது. உயர்த்தியபின்னும் ஒலியின் நிறம் பிடிக்கவில்லை என்றால் மட்டும் புதியது வாங்குங்கள்.

வாங்கியபின் சால்டரிங் அயனைச் சூடாக்கும் முன் வயர்களின் நிறத்தைச் சரிபாருங்கள். டிமார்ஸியோவில் சிக்னல் வயர் சிவப்பு. சீமோர் டங்கனில் கருப்பு. டிமார்ஸியோவில் கருப்பையும் வெள்ளையையும் ஒன்றாக முறுக்கி மூடவேண்டும், டங்கனில் சிவப்பையும் வெள்ளையையும். பச்சை இரண்டிலும் எர்த். பிரிட்ஜில் ஒரு நிறுவனம், நெக்கில் இன்னொன்று என்று கலந்து போட்டு, இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது ஒலி மெலிந்து மூக்கால் பேசுவதுபோல் வந்தால் அவை எதிர் ஃபேஸில் இருக்கின்றன. ஏதாவது ஒன்றில் சிக்னல் வயரையும் பச்சையையும் இடம் மாற்றுங்கள். உறையில்லாத வெற்றுக் கம்பி மட்டும் எர்த்திலேயே இருக்கட்டும்.

பாட்களையும் கெபாசிட்டர்களையும் அடுத்த வாரம் பிரித்துப் பார்க்கலாம்.