கடனிறுக்க வகையற்றோர்க்குப் பிறர் செய்யும் பொருளுதவி

சிலாபம் முதல் உடப்பு, புத்தளம், கற்பிட்டி ஈறாக விரிந்து கிடக்கும் கரையோரத்தில் தென்னை, உப்பு, மீன், இறால் என்பனவே பெரும்பாலார்க்கு வாழ்வளிப்பன. இவற்றுள் ஒன்றேனும் மனிதன் முயற்சிக்கு மாத்திரம் கட்டுப்பட்டதன்று. 1996ஆம் ஆண்டு வெண்புள்ளி நோய் பரவியபோது, கடன் வாங்கி இறால் வளர்த்தோர் பலர் முதலையே இழந்தனர். ஆகவே, கடனிறுக்க வகையற்றவன் என்ற சொல்லை ஊதாரி என்பதன் மறுபெயராகக் கொள்ளுதல் பொருந்தாது.

இலங்கையில் இத்தகையோர் பற்றி எழுந்த சட்டம் 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். கடனாளியின் உடைமை கடன்கொடுத்தோர் அனைவர்க்கும் அவரவர் கடனளவுக்கேற்பப் பங்கிடப்படவேண்டும் என்பதே இவ்வகைச் சட்டங்களின் உயிர்நாடி. அந்நிலையில் உறவினனோ நண்பனோ பணத்துடன் வந்தால் விளைவு யாது?

ஒருவன் ஐவர்க்குத் தலைக்கு 2 இலட்சமாக 10 இலட்சம் ரூபா கொடுக்கவேண்டியவன் எனவும், அவனிடமுள்ளது 4 இலட்சம் பெறுமதியான தென்னங்காணி மாத்திரமே எனவும் கொள்வோம். பங்கிட்டால் ஒவ்வொருவர்க்கும் 80,000 கிட்டும். தமையன் தன் சொந்தப் பணத்தில் 2 இலட்சத்தை ஒருவர்க்கு இனாமாகச் செலுத்திவிடின், எஞ்சிய நால்வர்க்கும் இலட்சம் வீதம் கிட்டும், எவர்க்கும் நட்டமில்லை. அவன் பிணையாளியாக நின்று செலுத்தினாலோ, கடன்கொடுத்தவனின் இடத்தில் தானே நிற்பான். மற்றையோர் பங்கு முன்போலவே 80,000. ஆனால் அதே தொகையைக் காணியை ஈடாகப் பெற்றுக்கொண்டு கடனாகக் கொடுத்தானாயின், நால்வர்க்கும் தலைக்கு 50,000 தான் எஞ்சும். கொடுத்த கையும் தொகையும் ஒன்றே. கொடுத்த முறையே வேறு. கடனாளி தன் பணத்தையே தமையன் பெயரில் மறைத்து வைத்து ஒருவர்க்கு மட்டும் கொடுப்பித்தால் அது வஞ்சனையாகும். நீதிமன்றங்கள் பணத்தின் பிறப்பிடத்தைத் துருவி ஆராய்வது இதனாலேயே.

வணிகரைப் பற்றிய 1825ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டம், கடனாளியேனும் அவன் நண்பரேனும் ஓர் இணக்கத் தொகையை முன்வைக்கலாம் என்று நண்பர்க்கும் இடமளித்தது. கூட்டத்திற்கு வந்த கடன்கொடுத்தோருள் எண்ணாலும் தொகையாலும் பத்தில் ஒன்பது பங்கினர் இசைதல் வேண்டும். இது கடுமையான அளவுதான்.

இக்கரையோரத்தில் நட்பின் வடிவங்கள் பல. முஸ்லிம் மக்கள் வழங்கும் ஸக்காத்தைப் பெறத்தக்க எண்வகையினருள் கடன்பட்டோரும் ஒருவகையினர். அது கொடை, திருப்பிக் கேட்கப்படுவதன்று. ஆதலின் மேற்காட்டியவற்றுள் முதல் வகையைச் சார்ந்தது. 1941ஆம் ஆண்டின் சட்டத்தால் எழுந்த கடன் இணக்கச் சபையோ பணம் தருவதன்று. ஈட்டுக் கடன்களில் இருதிறத்தாரையும் இணங்குவிப்பது.

2018ஆம் ஆண்டில் அரசே மூன்றாந் தரப்பாயிற்று. வறட்சியுற்ற 12 மாவட்டங்களில் பெண்கள் நுண்நிதி நிறுவனங்களிடம் பெற்று, தவணை தவறியிருந்த, இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை அது நீக்க முற்பட்டது. புத்தளமும் அவற்றுள் ஒன்று. அந்நிறுவனத்தின் தவணையைத் தவறவிடக் கூடாதென்று அயல்வீட்டாளிடம் கைமாற்றாக வாங்கிக் கட்டிய பெண்ணின் கைமாற்று அந்நிவாரணத்துள் அடங்கவில்லை. முதலில் உதவிக்கு வந்த மூன்றாந் தரப்பு அந்த அயல்வீட்டாளே. அவள் கொடுத்த பணம் மட்டும் எந்த ஏட்டிலும் பதியப்படவில்லை.