பெற்றோரை அழைக்கும் முன்னர்

கடல் கடந்து வாழும் பிள்ளைகள், பதுளை, பசறை, ஹாலி-எலத் தோட்டங்களிலுள்ள பெற்றோரைத் தம்முடன் வைத்துப் பேண விரும்புவது இயல்பே. அமெரிக்கப் பிரஜையான பிள்ளை, 21 வயது நிறைந்திருப்பின், பெற்றோருக்காக மனுச் செய்யலாம். இவ்விசாக்களுக்கு வருடாந்த எண்ணிக்கை வரம்பு கிடையாது.

எனினும் ஆவணங்களே முதல் தடையாகின்றன. தாயுடனான உறவை நிறுவப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் போதும். தந்தைக்கோ பெற்றோரின் திருமணச் சான்றிதழும் வேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு நின்றோரும் நிக்காஹ்வைப் பதியாதோரும் இடர்ப்படுவது இங்கேதான். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றோராகி, 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே பிரஜாவுரிமை பெற்ற முதியோர் சிலரின் பெயரும் பிறந்த திகதியும் ஆவணத்துக்கு ஆவணம் வேறுபடுவதுமுண்டு.

ஆகவே காலங்கடந்த பிறப்புப் பதிவையும் பெயர்த் திருத்தத்தையும் பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே நிறைவு செய்தல் நன்று. பிள்ளையின் வருமானத்தைக் காட்டும் பொறுப்பேற்புப் பத்திரம், பொலிஸ் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை ஆகியனவும் அவசியம்.

கொழும்புத் தூதரக நேர்முகத்தில் மனனம் செய்த விடைகள் பயன்படா. பிள்ளை எங்கு வாழ்கிறார், என்ன தொழில் புரிகிறார் என்பவற்றை உள்ளவாறு கூறினால் போதும். தரகரின் பேச்சைக் கேட்டுச் சமர்ப்பிக்கும் ஒரு போலிச் சான்றிதழ் வாழ்நாள் தடைக்கே வழிகோலும். தாமதமானாலும் உண்மையான ஆவணமே பெற்றோரைப் பிள்ளைகளிடம் சேர்க்கும் என்பதை நாம் வலியுறுத்த விரும்புகிறோம்.