தடத்தை நம்பாதே, கம்பைப் பார்

ஓஸ்லோ மெட்ரோவின் முதலாம் எண் ரயில் மேடேறிப் போய் நிற்கும் கடைசி நிலையம் ஃப்ரோக்னர்சேத்தர். குளிர்காலத்தில் அங்கே இறங்குகிறவர்களில் பாதிப்பேர் தோளில் பனிச்சறுக்குக் கட்டைகளோடுதான் இறங்குவார்கள். நிலையத்தைத் தாண்டினால் நூர்மார்க்கா காடு. மரத்தில் நீலக் கோடு இருந்தால் அது கோடைக்கால நடைபாதை, சிவப்பு இருந்தால் பனிச்சறுக்குப் பாதை. சிவப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஜூலை மாதத்தில் நடந்தால் ஏரிக்கரையில் போய் நிற்க வேண்டியிருக்கும். அந்தப் பாதை உறைந்த நீரின் மேல் போவதற்காகப் போடப்பட்டது.

இந்தக் காட்டில் பனி ஸ்கூட்டரின் இரைச்சல் கேட்டால், வருவது பாதை செப்பனிடுபவராகவோ மீட்புக் குழுவாகவோ இருக்கும். உல்லாசத்துக்கு ஓட்ட முடியாது. 1977-ல் இயற்றிய சட்டம் நார்வேயின் காடு மலைகளில் மோட்டார் வண்டிகளுக்குப் பொதுத் தடை விதித்தது. வடகோடியான ஃபின்மார்க்கிலும் அதை ஒட்டிய வட த்ரோம்ஸிலும் மட்டும், குறியிட்ட பாதைகளில் ஓட்டலாம் என்ற விலக்கு இருந்தது. மற்ற நகராட்சிகளும் விரும்பினால் இப்படிப் பாதை திறக்கலாம் என்று 2015-ல் சட்டம் தளர்ந்தது. எப்படியானாலும் ஓஸ்லோவாசி ஒருவர் ஸ்கூட்டர் ஓட்ட வேண்டுமென்றால் வெளியூருக்குத்தான் போகவேண்டும். பழக்கமில்லாத பாதையில்தான் அவர் ஓட்டியாக வேண்டும்.

ஃபின்மார்க் நார்வேத் தமிழர்களுக்குத் தெரியாத பெயரல்ல. 1980களில் யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து வந்த பலருக்கு முதல் வேலை கொடுத்தவை அங்குள்ள மீன் பதனிடும் ஆலைகள். குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியனே எழாத ஊர்களில் அவர்கள் மீன் வெட்டிக் குடும்பத்தை நிமிர்த்தினார்கள். பிறகு பிள்ளைகளின் படிப்பு, நல்ல வேலை, உறவுகளின் அருகாமை என்று பெரும்பாலோர் ஓஸ்லோ பக்கம் இறங்கிவிட்டார்கள். அந்தக் குடும்பங்களின் அடுத்த தலைமுறை விடுமுறைக்கு வடக்கே கிளம்பினால், இந்தக் கட்டுரை முதலில் அவர்களுக்குத்தான்.

புதிய இடத்தில் ஆளை ஏமாற்றுவது முன்னே போன வண்டியின் தடம். வெள்ளைவெளேரென்ற பரப்பில் ஒரு தடம் தெரிந்தால் மனசு நிம்மதியாகி அதன் பின்னாலேயே போகும். அது யாருடைய தடம்? கலைமான் மந்தையைத் தேடிப்போன சாமி இன மேய்ப்பருடையதாக இருக்கலாம். தொழிலுக்காகப் பாதையை விட்டு விலகி ஓட்ட அவருக்கு அனுமதி உண்டு, சுற்றுலாப் பயணிக்குக் கிடையாது. எந்தச் சரிவு எந்த வாரத்தில் சரியும், ஏரியின் எந்த மூலையில் ஐஸ் மெலிந்திருக்கும் என்பதெல்லாம் அவர் சிறுவயதிலிருந்து அறிந்தவை. அவர் போய் ஒரு வாரமும் ஆகியிருக்கலாம். அவருக்குத் தாங்கிய ஐஸ் இன்று நமக்குத் தாங்கும் என்று யார் சொன்னது?

நம்பத் தகுந்தவை பாதையோரம் நட்டிருக்கும் கம்புகள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் யாரோ குளிரில் நின்று அவற்றைப் புதிதாக நடுகிறார்கள். பனிச்சறுக்குக்காரர்களுக்கான மலைப் பாதைகளிலும் இதே வழக்கம்தான். 1868-ல் தொடங்கிய நார்வே மலையேற்றச் சங்கத்தின் தொண்டர்கள் ஈஸ்டருக்கு முன் மரக்கிளைகளையும் மூங்கில்களையும் வரிசையாக நட்டுவைக்கிறார்கள். காற்றில் சில சாயும், சில புதைந்துபோகும். அடுத்த கம்பு கண்ணுக்குத் தெரியாவிட்டால் இந்தக் கம்பை விட்டு நகரக்கூடாது. கூட்டமாகப் போனால் ஒருவர் கம்பருகே நிற்க, மற்றவர் அவர் பார்வைக்குள் இருந்தபடியே அடுத்ததைத் தேடலாம். வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிடும் நாட்களில் மேடு எது பள்ளம் எது என்றே தெரியாது. அப்போது நடையின் வேகத்துக்கு மேல் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

குறி வைக்கும் கலையில் என்னை வியக்க வைப்பவர் ருவால் அமுன்ட்சன். அவருடைய ஃப்ராம் கப்பல் இன்றும் ஓஸ்லோவின் பிக்டோய் தீபகற்பத்து அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1911-ல் தென்துருவத்துக்குப் போகுமுன் அவர் தெற்கு 80 பாகையில் உணவுக் கிடங்கு ஒன்று அமைத்தார். அதன்மேல் ஒரு கொடியை நட்டுவிட்டு அவர் போய்விடவில்லை. பயணப் பாதைக்குக் குறுக்கே, கிழக்கிலும் மேற்கிலும் பக்கத்துக்குப் பத்தாகக் கொடிகளை நட்டார். ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார். பல கிலோமீட்டர் வழி பிசகி வந்தாலும் ஏதாவதொரு கொடியில் முட்டியே ஆகவேண்டும். முட்டியதும் கிடங்கு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று அந்த எண்ணே சொல்லிவிடும். பாதை நெடுக வைக்க வேறு குறிகள் போதாமல் போனபோது, உப்பில்லாமல் காயவைத்த மீன்களைப் பனியில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தினார்கள். நம் ஊர்க் கருவாட்டுக்கு அண்ணன் முறை அந்த மீன். அந்த ஆண்டு டிசம்பர் 14-ம் தேதி துருவத்தை அடைந்து, போன ஐந்து பேரும் உயிரோடு திரும்பினார்கள். தான் தவறுவேன் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு ஏற்பாடு செய்த மனிதர் அவர். அந்தப் பணிவுதான் அவருடைய திறமையில் பெரும்பங்கு என்று நினைக்கிறேன்.

இதே சிந்தனை இந்த நாட்டில் விளையாட்டாகவும் வளர்ந்தது. 1897 அக்டோபர் 31-ம் தேதி, அப்போது கிறிஸ்தியானியா என்றழைக்கப்பட்ட ஓஸ்லோவின் காட்டில், த்யால்வே விளையாட்டுக் கழகம் வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்து இடங்களைக் கண்டுபிடித்து ஓடும் போட்டி நடத்தியது. அந்த விளையாட்டுக்காரர்கள் சொல்லித்தரும் ஓர் உத்தியை எல்லோரும் கற்றுக்கொள்ளலாம். ஏரிக்கரையிலுள்ள குடிலுக்கு நேராகக் குறி வைக்காதீர்கள், வேண்டுமென்றே சற்று இடப்பக்கம் தள்ளி வையுங்கள். கரையைத் தொட்டதும் வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் சந்தேகமே இருக்காது. நேராகக் குறி வைத்துத் தவறியவருக்கோ எந்தப் பக்கம் திரும்புவதென்றே தெரியாது. திசைகாட்டியைப் பார்க்கும்போது ஸ்கூட்டரை விட்டுச் சில அடி தள்ளி நில்லுங்கள். வண்டியின் இரும்பும் மின்சாரமும் முள்ளை இழுக்கும். நார்வேயின் வடகிழக்கு மூலையில் காந்தமுள்ளே உண்மை வடக்கிலிருந்து பத்துப் பாகைக்கு மேல் கிழக்கே விலகி நிற்கும். அந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கைபேசி வரைபடம் அருமையானதுதான். ஆனால் கடுங்குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். கைபேசியைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, காகித வரைபடம் ஒன்றையும் எடுத்துப்போவது உத்தமம். பாதை திறந்திருக்கிறதா என்பதை அந்தந்த நகராட்சியின் அறிவிப்பில் அன்று காலையிலேயே பார்க்க வேண்டும். பனிச்சரிவு அபாயத்தை நார்வே நீர்வள ஆணையம் ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்டு வெளியிடுகிறது. 30 பாகைக்கு மேல் சாய்ந்த சரிவுகளும் அவற்றின் அடிவாரமும் ஆபத்தான இடங்கள்.

ஏரிகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். நார்வேயின் ஏரிகள் பலவற்றில் நீர்மின் நிலையத்துக்காகக் குளிர்காலம் முழுக்கத் தண்ணீர் எடுக்கிறார்கள். நீர்மட்டம் இறங்க இறங்கக் கரையோர ஐஸ் வெடித்துத் தளர்ந்துபோகும். ஆறு ஏரியில் கலக்கும் இடமும், ஏரியிலிருந்து வெளியேறும் இடமும் எப்போதும் பலவீனமானவை. கனத்த பனி ஐஸை அமுக்கும்போது நீர் மேலே ஏறிப் பனிக்கடியில் சேறுபோல் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதில் சிக்கிய வண்டியை இழுத்தெடுப்பது பெரும்பாடு. கம்புகள் ஏரியில் சுற்றிவளைத்துப் போனால் அதற்குக் காரணம் இருக்கும். குறுக்கே வெட்டிப் போகாதீர்கள்.

1967 ஈஸ்டர் விடுமுறையில் நார்வே மலைகளில் 18 பேர் இறந்தார்கள். அதன்பின் செஞ்சிலுவைச் சங்கமும் மலையேற்றச் சங்கமும் மலை விதிகளை நாடெங்கும் பரப்பின. காலம் தவறாமல் திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை என்பது அவற்றில் ஒன்று. நார்வேயில் பிள்ளைகளுக்கும் அது தெரியும். ஸ்கூட்டர்காரர்கள் அதை எரிபொருளிலிருந்தே கடைப்பிடிக்கத் தொடங்கலாம். புதுப்பனியில் வண்டி வழக்கத்தைவிட அதிகம் குடிக்கும். தொட்டி பாதியாகும்வரை போய்விட்டுத் திரும்பலாம் என்ற கணக்கு அங்கே உதவாது. மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததுமே வண்டியைத் திருப்புங்கள். கிளம்புமுன் எந்தப் பாதையில் போகிறீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்பதைத் தங்குமிடத்தில் ஒருவரிடம் சொல்லுங்கள். அந்த நேரம் கடந்தும் வராவிட்டால் 112-ஐ அழைக்கச் சொல்லி, அந்த எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.