விளம்பரமும் நற்பெயரும்

தூசி உறிஞ்சும் பொறிகளை ஆக்கி விற்ற ஹூவர் நிறுவனத்தின் பெயர், பிரித்தானிய மக்களின் நாவிலே, தரையின் தூசு நீக்குதலைக் குறிக்கும் வினைச்சொல்லாகவே வழங்கலாயிற்று. பல்லாண்டு உழைத்துத் தேடிய நற்பெயர் அது. அதனை ஒரேயொரு விளம்பரம் எவ்வாறு குலைத்ததென்பதை ஈண்டு நோக்குவாம்.

1992ஆம் ஆண்டிலே அந்நாட்டில் வணிகம் மந்தமுற்றிருந்தது. பண்டசாலைகளிற் பொறிகள் தேங்கிக் கிடந்தன. நூறு பவுணுக்குப் பொருள் வாங்குவோர்க்கு, ஐரோப்பிய நகரங்களுக்குச் சென்று மீள இரு விமானச் சீட்டுக்கள் இலவசமென ஹூவர் அறிவித்தது. பின்னர் அச்சலுகையை அமெரிக்கப் பயணத்துக்கும் விரித்தது. பொறியின் விலையோ பயணச் செலவிலே சிறுபகுதி. படிவங்களை நிரப்பி அனுப்பும் தொல்லைக்கு அஞ்சிப் பெரும்பாலோர் விலகிவிடுவர் என்பதே நிறுவனத்தார் போட்ட கணக்கு. வாங்குவோரின் சலிப்பையே மூலதனமாகக் கொண்ட விளம்பரத்தை வேறென்னென்பது?

மக்கள் விலகினாரல்லர். சீட்டுக்காகவே பொறியை வாங்கி, வேண்டாத பொறியைப் பிறருக்குக் குறைந்த விலைக்கு விற்றோரும் உளர். சீட்டுக் கிடையாதோர் நீதிமன்றம் ஏறினர். ஒருவர், பழுதுபார்க்க வந்த நிறுவன வண்டியையே வெளியேற விடாது மறித்து வைத்தார்! ஏறத்தாழ 220,000 பேர் பறந்தனர். செலவு 5 கோடிப் பவுணை அண்மியது. பொறியின் தரத்தின் மீதன்று, வாக்கின் மீதே ஐயம் வீழ்ந்தது. 1995இல், அமெரிக்கத் தாய்நிறுவனமாகிய மேய்ராக், ஹூவரின் ஐரோப்பியக் கிளையை இத்தாலிய நிறுவனமொன்றுக்கு விற்றுவிட்டது. வழக்குகளோ 1998 வரை நீண்டன.