எழுத்தும் கட்டளையும்



செகந்திராபாத் இரயில் நிலையத்திற்கு அண்மையில் உள்ள மெட்டுகுடா, இரயில்வே குடியிருப்புகளுக்குப் பெயர் பெற்ற பகுதி. 1966 அக்டோபர் 2-ஆம் நாள் தென்மத்திய இரயில்வே செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றியது. பணியின் பொருட்டு வந்து இப்பக்கத்தில் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அத்தகைய குடும்பத்துப் பெரியவர் ஒருவர், இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், சில திங்களுக்கு முன் நம்மிடம் ஒரு குறுந்தகட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஊரில் வாழ்ந்து மறைந்த அவருடைய தமையனார் 2001-ஆம் ஆண்டில் கணினியில் தட்டச்சுச் செய்து அனுப்பிய குடும்ப வரலாறு அதில் இருந்தது.

"தம்பி, இதைத் திறந்து கொடுங்கள். பேரப்பிள்ளைகள் கையில் ஒப்படைக்க வேண்டும்" என்றார் பெரியவர்.

திறந்தோம். திரையில் ஓரெழுத்துக் கூடத் தமிழாக இல்லை. உரோமன் எழுத்துகளும், தலையில் கோடும் புள்ளியும் தாங்கிய அயல் எழுத்துகளும், ஏதேதோ குறிகளும் வரிசையாக நின்றன. பெரியவரின் முகம் வாடியது. எழுதிய எழுத்து எங்கே போயிற்று? இவ்வினாவுக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

கணினி எழுத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். இன்ன எண்ணுக்கு இன்ன எழுத்து என்று அனுப்புவோரும் பெறுவோரும் முன்கூட்டியே செய்துகொண்ட உடன்படிக்கைக்கே எழுத்துக் குறியேடு என்று பெயர். அந்த உடன்படிக்கையில் எழுத்துகளுக்கு மட்டுமன்றிக் கட்டளைகளுக்கும் எண்கள் உண்டு. அவற்றைக் கட்டுப்பாட்டுக் குறிகள் என்பர். அவை திரையில் தோன்றுவதில்லை, திரையை ஏவுகின்றன.

இவ்வழக்கம் தந்தி அலுவலகத்தில் பிறந்தது. தொலை அச்சுப்பொறி என்னும் டெலிபிரிண்டரைப் பலர் பார்த்திருக்கக்கூடும். அதனை நம் நாட்டிலேயே செய்வதற்கு 1960-இல் சென்னை கிண்டியில் இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் நிறுவனம் அமைக்கப்பெற்றது. தொலைவிலுள்ள அப்பொறிக்கு எழுத்துகளை அனுப்பினால் மட்டும் போதாது. அச்சிடும் பகுதியை வரியின் தொடக்கத்திற்குக் கொண்டுவா, தாளை ஒரு வரி மேலே தள்ளு, மணியை அடி என்றெல்லாம் ஏவவும் வேண்டும். அவ்வேவல்களும் எழுத்துகள் வரும் அதே கம்பி வழியாகவே வந்தாக வேண்டும்.

1963-இல் அமெரிக்காவில் வகுக்கப்பெற்ற ஆஸ்கி என்னும் குறியேடு இம்முறையை அப்படியே ஏற்றது. அதில் 0 முதல் 127 வரை 128 இடங்கள். முதல் 32 இடங்களும் கடைசி இடமும் கட்டளைகளுக்கு உரியவை. 7 என்றால் மணியடிக்க வேண்டும். 10 என்றால் அடுத்த வரி. 13 என்றால் வரித் தொடக்கம். 127 என்பது அழித்தற் குறி. துளையிட்ட காகித நாடாவில் பிழை நேர்ந்தால், அவ்விடத்தில் ஏழு துளைகளையும் இட்டு மூடிவிடுவர். ஏழு துளைகளும் சேர்ந்தால் 127 ஆகும். ஆகையால் அவ்வெண் அழித்தலுக்கு உரியதாயிற்று.

பின்னர் அச்சுப்பொறியின் இடத்தைத் திரை பிடித்தது. திரையும் விசைப்பலகையும் மட்டும் கொண்டு, தொலைவிலுள்ள பெருங்கணினியோடு உரையாடும் கருவிக்கு முனையம் என்று பெயர். இரயில் முன்பதிவு 1985-இல் தில்லியில் கணினி வழியே சோதனையாகத் தொடங்கிப் பின் ஐந்து மையங்களாக விரிந்தபோது, செகந்திராபாத்தும் அவற்றுள் ஒன்றாயிற்று. முன்பதிவுச் சாளரத்துக்குள் எழுத்தர் பார்த்துக்கொண்டிருந்த திரை இவ்வினத்தைச் சேர்ந்ததே.

முனையங்களுள் புகழ்பெற்றது, டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனம் 1978-இல் வெளியிட்ட வி.டி.100 என்பதாகும். 24 வரிகள், வரிக்கு 80 கட்டங்கள், கட்டத்திற்கு ஓரெழுத்து என்பது அதன் அமைப்பு. 27 என்ற கட்டளைக்குப் பின் ஒரு சதுர அடைப்புக்குறியும், 2 என்ற இலக்கமும், உரோமன் ஜே எழுத்தும் வந்தால், அது திரை முழுவதையும் துடைத்துவிடும். இன்று அக்கருவிகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. ஆயினும் அவற்றைப் போலவே நடிக்கும் மென்பொருள்கள், முனையப் போலிகள், இன்றும் உலகெங்கும் கணினிப் பணியாளர் கையில் வழங்குகின்றன. வி.டி.100 அறிந்த கட்டளைகளையே அவையும் அறிகின்றன.

128 இடங்கள் உரோமன் எழுத்துக்கே சரியாகிவிட்டன. ஆதலால் எண் வரிசை 255 வரை நீட்டப்பெற்றது. அப்போது மேற்பாதியிலும் ஒரு கட்டளைப் பகுதி வகுத்தனர். 128 முதல் 159 வரை உள்ள 32 இடங்கள் அதற்கு உரியவையாயின. 1983-இல் வந்த வி.டி.220 முனையம் இவ்விரண்டாம் கட்டளைப் பகுதியையும் உணரும். தமிழுக்கு நேர்ந்த இடர்ப்பாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இந்திய மொழிகளுக்கென 1991-இல் இந்தியத் தர நிறுவனம் இஸ்கி என்ற குறியேட்டை வெளியிட்டது. அதனை வகுத்தவர்கள் கட்டளைப் பகுதியைத் தொடாமல், 161-ஆம் இடத்திலிருந்தே எழுத்துகளை அமர்த்தினர். பல மொழிகளுக்கும் ஒரே எண் வரிசை என்பது அதன் மற்றொரு சிறப்பு. ககரத்திற்கு எம்மொழியிலும் 179, மகரத்திற்கு 204, ஆகாரத்தின் துணைக்குறிக்கு 218. எந்த மொழியின் எழுத்தில் காட்டுவது என்பதை 239 என்ற கட்டளை அறிவிக்கும். 239-ஐ அடுத்து 68 வந்தால் தமிழ். 69 வந்தால் தெலுங்கு.

எனவே 204, 218, 204, 218 என்னும் நான்கு எண்கள், முன் நிற்கும் கட்டளைக்கு ஏற்பத் தமிழிலோ தெலுங்கிலோ 'மாமா' என்று திரையில் எழும். ஒலி ஒன்று, உடை வேறு. தெலுங்கு நாட்டில் வாழும் நமக்கு இது எத்துணை இனிய ஏற்பாடு! ஆனால் அக்கட்டளை வழியில் தவறினால், தமிழ்க் கடிதம் தெலுங்கு உடையிலோ தேவநாகரி உடையிலோ வந்து நிற்கும். 211-ஆம் எண்ணில் அமர்ந்த நம் ழகரம், அதனை வழக்கிலிருந்து விட்டுவிட்ட இக்காலத் தெலுங்கில் இடமின்றித் தவிக்கும்.

இஸ்கி அரசு அலுவலகங்களைத் தாண்டி மக்களிடையே பெரிதும் பரவவில்லை. 1990-களில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துரு செய்து, தனக்கென ஒரு குறியேடும் வைத்துக்கொண்டது. ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க, அதே எழுத்துரு வேண்டியிருந்தது. இக்குழப்பத்தைத் தீர்க்கும் பொருட்டுப் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே கலந்தாய்ந்து திஸ்கி என்ற குறியேட்டை உருவாக்கினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் இரண்டை அறிவித்தது. நோக்கம் யாவும் நல்லவையே. ஆனால் தமிழின் எழுத்து வடிவங்கள் மிகப் பல, இடமோ குறைவு. ஆதலால் திஸ்கியில் ஜ, ஷ, ஸ, ஹ முதலிய எழுத்துகள், கட்டளைகளுக்கு உரிய 128 முதல் 159 வரையுள்ள பகுதிக்குள் குடியேற நேர்ந்தது.

பெரியவரின் தமையனார் எழுதியது திஸ்கியில்தான். உரிய எழுத்துருவைப் பொருத்தியதும் தமிழ் எழுந்து நின்றது. பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படிக்கலானார். மூன்றாம் வரியில் நின்றுவிட்டார். "எங்கள் ஊர் ஜெயங்கொண்டம். இங்கே யெங்கொண்டம் என்று இருக்கிறதே! அண்ணா தவறாக எழுதமாட்டாரே" என்றார்.

தவறு எழுதியவருடையது அன்று. ஓரிடத்திலிருந்து ஓரிடத்திற்கு மாறி வந்த வழியில் ஏதோ ஒரு மென்பொருள், ஜகரத்தின் எண்ணைக் கட்டளை என்று கருதிக் களைந்துவிட்டது. திஸ்கியில் கொம்பு, கண்ணுக்குத் தெரிகிறபடி எழுத்துக்கு முன்னரே பதியப்படும். ஜகரம் மறைந்ததும், தனித்து நின்ற கொம்பு அடுத்திருந்த யகரத்தைப் பற்றிக்கொண்டது. கட்டுரை முழுவதும் ஜகரமும் ஸகரமும் உதிர்ந்திருந்தன. ஊர்ப் பெயர்களிலும், அதைவிட மக்கட் பெயர்களிலுமே அவை மிகுதி.

இன்று உலகம் ஒப்புக்கொண்டுள்ள குறியேடு யூனிகோடு, அதாவது ஒருங்குறி. அதன் முதற் பதிப்பு 1991-இல் வெளியாயிற்று. அதில் ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி வீடு உண்டு. தமிழ்க் ககரத்தின் எண் 2965. தெலுங்குக் ககரத்தின் எண் 3093. இரண்டுக்கும் இடையே சரியாக 128 இடங்கள். மொழி மாற்றும் கட்டளை இனித் தேவையில்லை. தமிழ் தெலுங்காகிவிடும் அச்சமும் இல்லை.

இவ்வளவு பெரிய எண்களை 255-க்கு உட்பட்ட சிறு எண்களாகப் பிரித்து அனுப்பும் முறையை 1992-இல் கென் தாம்ஸன், ராப் பைக் என்னும் இருவர் வகுத்தனர். அதற்கு யூ.டி.எஃப்.-8 என்று பெயர். இம்முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று எண்களாகச் செல்கிறது. அகரம் 224, 174, 133 ஆகும். மெய்ப்புள்ளி 224, 175, 141 ஆகும். முனையப் போலி இம்முறைக்கு அமைக்கப்பட்டிருந்தால் தமிழ் தமிழாகவே வந்து சேரும். பழைய முறையிலேயே இருந்தால் என்ன நேரும் என்று காண்போம்.

அப்போது ஒவ்வோர் எண்ணும் தனித்தனியே பொருள் கொள்ளப்படும். அகரத்தின் முதல் இரண்டு எண்கள் அயல் குறிகளாகத் தோன்றும். மூன்றாவதாகிய 133, பழைய கட்டளைப் பகுதியில் அடுத்த வரிக்குச் செல்க என்பதாகும். மெய்ப்புள்ளியின் 141, ஒரு வரி மேலே ஏறுக என்பதாகும். ஆகவே 'அம்மா' என்று எழுதினால் திரை ஒருமுறை கீழே இறங்கி ஒருமுறை மேலே ஏறும். சகரத்தின் கடைசி எண் 154, நீ யார் என்று முனையத்தைக் கேட்கும் கேள்வி. முனையமும் தன் இனத்தை விடையாக அனுப்பும். ஐகாரத்தின் கடைசி எண் 144 இன்னும் பொல்லாதது. முடிவுக் குறி வரும்வரை எதையும் திரையில் காட்டாதே என்று அது பணிக்கும். அந்த முடிவுக் குறியின் எண் 156. அது ஜகரத்தின் கடைசி எண்ணாக அமைந்திருக்கிறது. பழைய முனையத்தில் ஐகாரம் வாய் திறந்தால், ஜகரம் வரும்வரை தமிழ் மறைந்தே போகும்!

இதற்கு மருந்து மிக எளியது. விண்டோஸில் பலரும் கையாளும் புட்டி என்னும் முனையப் போலியில், எழுத்துக் குறியேட்டைத் தெரிந்துகொள்ளும் பக்கத்திற்கு 'மொழிபெயர்ப்பு' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரையே இட்டிருக்கின்றனர். அங்கே யூ.டி.எஃப்.-8 என்று தெரிந்துகொண்டால் போதும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் அப்பெயரைக் கண்டு புன்னகைத்தோம். சொல்வோரும் கேட்போரும் ஒரே உடன்படிக்கையில் நிற்க வேண்டும் என்பதுதானே நம் தொழிலுக்கும் முதல் விதி!

ஒரு குறை மட்டும் இன்னும் தீர்ந்தபாடில்லை. ஓரெழுத்துக்கு ஒரு கட்டம் என்ற பழைய அமைப்பு, கண்ணளவிலேயே வேறுபடும் தமிழ் எழுத்துக்குப் பொருந்துவதில்லை. 'கொ' என்பதில் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் நிற்கிறது. அதற்கு எத்தனைக் கட்டம் ஒதுக்குவது என்பதில் மென்பொருள்கள் ஒன்றுபடாமையால், சில முனையப் போலிகளில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியோ விலகியோ நிற்பதை இன்றும் காணலாம். ஆயினும் இது தோற்றக் குறையே. உள்ளே இருக்கும் எண்கள் செவ்வையாக இருப்பதால் எழுத்து அழிவதில்லை.

பெரியவரின் கோப்பை ஒருங்குறிக்கு மாற்றினோம். உதிர்ந்த எழுத்துகளை எந்தக் கணினியும் மீட்டுத் தர இயலாது. அவற்றின் எண்களே இல்லையல்லவா? பெரியவர் நான்கு மாலைகள் நம் அருகில் அமர்ந்து, ஒவ்வொரு பெயரையும் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல நாம் நிரப்பினோம். இரண்டு பெயர்கள் அவருக்கும் நினைவுக்கு வரவில்லை. அவ்விடங்களை வெறுமையாகவே விட்டிருக்கிறோம்.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் இத்தகைய கோப்புகள் இன்னும் எத்தனையோ இருக்கும். தமிழ்ச் சங்கத்தின் பழைய அறிக்கைகள், திருமண அழைப்புகள், ஊரிலிருந்து வந்த கடிதங்கள் எல்லாம் பழைய குறியேடுகளில் உறங்குகின்றன. அவற்றை இப்போதே எடுத்து ஒருங்குறிக்கு மாற்றுங்கள். மாற்றியவுடன், ஜகரமும் ஸகரமும் உரிய இடத்தில் உள்ளனவா என்று ஒருமுறை பாருங்கள். மூலக் கோப்பையும் எறிந்துவிடாமல் காப்பாற்றுங்கள். விடுபட்ட பெயரைச் சொல்லித் திருத்தக்கூடிய பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இப்பணியை முடித்துக்கொள்வது நல்லது.