குடியிருப்பும் உரிமையும்: வீடு வாங்குவோர் அறிய வேண்டிய சட்டங்கள்

கோலார் தங்க வயலில் 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணியைத் தொடங்கிய பின்னர், தமிழ்ப் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் அங்குக் குடியேறினர். மூங்கில் தட்டி வீடுகளில் தொடங்கிய அவர்களது வாழ்க்கை, பின்னர் ‘லைன்’ எனப்படும் கம்பெனிக் குடியிருப்புகளில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. சுரங்கங்கள் 1956-இல் மைசூர் மாநில அரசின் உடைமையாயின. 1962-இல் மத்திய அரசின் பொறுப்புக்கு வந்தன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 2001-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் மூடப்பட்டது. வேலை போயிற்று, வீடு யாருக்கு என்ற கேள்வி எஞ்சியது.

ஓய்வுகாலப் பணத்தைச் சேர்த்து வைத்தவர்களும், நாள்தோறும் இரயிலில் பெங்களூர் சென்று உழைத்து மீளும் இளைஞர்களும் இராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டைப் பகுதிகளில் சொந்த வீடு தேடுகின்றனர். வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் செலவிடும் இத்தகையோர் முதலில் உணர வேண்டிய உண்மை ஒன்று உண்டு: குடியிருத்தல் வேறு, உரிமை வேறு.

உரிமை எப்படி மாறுகிறது?

நிறுவனத்தின் இசைவுடன் ஒரு வீட்டில் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும், அந்த இசைவு சொத்துரிமையாக மாறிவிடுவதில்லை. மத்திய அரசு நிறுவனங்களின் கட்டடங்களில் அனுமதியின்றி இருப்போரை வெளியேற்ற 1971-ஆம் ஆண்டின் பொதுக் கட்டடங்கள் சட்டம் வழிவகுக்கிறது. எனவே, லைன் வீடு ஒன்றை விற்பதாக ஒருவர் முன்வந்தால், அவ்வீடு அவர் பெயருக்கு முறைப்படி மாற்றப்பட்டதற்கான பதிவுப் பத்திரத்தைக் கேட்க வேண்டும். மின் கட்டண இரசீதும் குடும்ப அட்டையும் குடியிருப்பைக் காட்டுமேயன்றி உரிமையைக் காட்டா.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின்படி, நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடு, மனை போன்ற அசையாச் சொத்தின் விற்பனை பதிவு செய்யப்பட்ட பத்திரத்தின் மூலமே நிறைவேறும். விற்பனை ஒப்பந்தம் மட்டும் சொத்தில் எந்த உரிமையையும் அளிக்காது. பொது அதிகாரப் பத்திரம், ஒப்பந்தம், உயில் ஆகியவற்றைக் கொண்டு நடத்தப்படும் ‘விற்பனை’ உரிமையை மாற்றாது என உச்ச நீதிமன்றம் 2011-இல் சூரஜ் லாம்ப் வழக்கில் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளது. முத்திரைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டுவிட்டால் போதும் என்று எண்ணுவோர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

பார்க்க வேண்டிய ஆவணங்கள்

முதலாவது, மூலப் பத்திரங்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குச் சொத்து கைமாறிய வரலாற்றைத் தொடர்பு அறாமல் ஆராய்வது நல்வழக்கம். நகல்களை மட்டும் பார்த்து நிறைவடைதல் ஆகாது. மூலப் பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்துக் கடன் பெற்றிருப்பின், அது வில்லங்கச் சான்றில் இடம்பெறாமலும் போகக்கூடும்.

இரண்டாவது, சார்பதிவாளர் அலுவலகம் வழங்கும் வில்லங்கச் சான்று. கர்நாடகத்தில் பதிவான நடவடிக்கைகள் இருப்பின் 15-ஆம் படிவத்திலும், ஏதும் இல்லையெனில் 16-ஆம் படிவத்திலும் இது கிடைக்கும்.

மூன்றாவது, நகராட்சியின் காதா. இது வரி செலுத்துவதற்கான பதிவேயாகும். இதுவே உரிமைப் பத்திரம் ஆகிவிடாது. எனினும் காதாவில் உள்ள பெயரும் அளவும் பத்திரத்தோடு ஒத்திருத்தல் வேண்டும்.

நான்காவது, வாரிசுகளின் ஒப்புதல். தந்தை உயில் எழுதாமல் விட்டுச்சென்ற வீட்டை மகன் ஒருவரே விற்க முற்பட்டால், தாய்க்கும் சகோதரிகளுக்கும் உள்ள பங்கு என்னாயிற்று என்று கேட்க வேண்டும். இந்துக் குடும்பங்களுக்கு 1956-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டமும், கிறித்தவக் குடும்பங்களுக்கு 1925-ஆம் ஆண்டின் சட்டமும் பொருந்தும். இரண்டிலும் மகளுக்குப் பங்கு உண்டு.

ஐந்தாவது, நிலத்தின் தன்மை. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் அரசு வழங்கிய நிலத்தை அரசின் முன் அனுமதியின்றி விற்பது, கர்நாடகத்தின் 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லாது. ஊர்ப்புறத்து மனைகளை வாங்குவோர் இதனைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

யாரை நாடுவது?

இங்கிலாந்தில் சொத்து மாற்றப் பணிக்கென்றே உரிமம் பெற்ற வல்லுநர்கள் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்குகின்றனர். நம் நாட்டில் இப்பணியைப் பத்திர எழுத்தரும் வழக்கறிஞரும் பகிர்ந்துகொள்கின்றனர். பத்திர எழுத்தர் சொன்னதை முறையாக எழுதித் தருபவர். விற்பவருக்கு உண்மையில் உரிமை உண்டா என ஆராய்ந்து கூறுவது வழக்கறிஞரின் பணி. இந்த வேறுபாட்டை அறியாமையே பல இழப்புகளுக்குக் காரணமாகிறது.

வழக்கறிஞர் வாங்குபவரின் சார்பில் செயல்படுபவராக இருத்தல் வேண்டும். விற்பவரோ தரகரோ அழைத்து வருபவராக இருத்தல் கூடாது. வங்கியின் வழக்கறிஞர் வங்கிக் கடனின் பாதுகாப்பையே முதன்மையாகக் கருதுவார். கட்டணம் எவ்வளவு, அதில் எவ்வெப் பணிகள் அடங்கும் என்பதை முன்னதாகவே பேசிக்கொள்வதும், உரிமை பற்றிய கருத்தை எழுத்து மூலம் பெறுவதும், அதன் பின்னரே முன்பணம் கொடுப்பதும் நன்று.

தங்க வயல் தமிழர்களுக்கு மற்றோர் எச்சரிக்கையும் தேவை. அங்குப் பத்திரங்கள் பெரும்பாலும் கன்னடத்தில் எழுதப்படுகின்றன. கன்னடம் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாதவர்கள், நம்பிக்கைக்குரிய ஒருவரைக் கொண்டு நான்கு எல்லைகள், அளவு, விலை ஆகியவற்றைப் படித்துக் கேட்காமல் கையொப்பமிடலாகாது.

வசதியற்றோர் மனந்தளர வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோர் வழக்கு நடத்த இலவச உதவி பெறத் தகுதியுடையோர். வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகி ஆலோசனையும் கேட்கலாம்.

மண்ணுக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இறங்கிப் பொன் எடுத்த மக்கள், அம்மண்ணின்மீது தமக்கென ஒரு வீட்டைப் பெறும்போது ஏமாற்றத்திற்கு இடம் தரலாகாது. பத்திரத்தை ஆராயச் செலவிடும் சில வாரங்கள், நீதிமன்றப் படிகளில் கழியக்கூடிய பல ஆண்டுகளைத் தவிர்க்கும்.